மேடையில் வீடு, வெளியே சண்டை: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் உள்நாட்டுப் போரில் அகப்பட்ட குடும்பங்களைப் பற்றிய மேடை நாடகங்கள் குறித்து எழுதியபோது, போகிற போக்கில் ஒரு வரி விட்டுவிட்டேன்: ‘நல்ல போர் நாடகத்தில் போர் மேடைக்கு வராது, வீடுதான் வரும்.’ அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். பாதிப் பேர் திட்டியிருக்கிறீர்கள், சிலர் திட்டிவிட்டு யோசனையும் கேட்டிருக்கிறீர்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் எல்லார் பெயரையும் எடுத்துவிட்டேன். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, போர் நாடகம் என்று சொல்லி நண்பன் கூட்டிப்போனான். இரண்டு மணி நேரமும் ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறைக்குள் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு துப்பாக்கிகூட வரவில்லை. இது ஏமாற்று வேலை இல்லையா?

தம்பி, டிக்கெட் காசு போன வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் துப்பாக்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மரத்தில் செய்து கறுப்பு பெயின்ட் அடித்தது என்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒலிபெருக்கி ‘டப்’ என்னும், ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார், விழுந்தவரின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்குவதையும் நாம் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த வேலையை சினிமா நம்மைவிடப் பத்து மடங்கு நன்றாகச் செய்யும். மேடைக்கென்று உள்ள கெட்டிக்காரத்தனம் வேறு. போனவன் இன்னும் வரவில்லை என்பதை மேடையால் காட்ட முடியும்.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1937இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரை வைத்து ஒரு சின்ன நாடகம் எழுதினார், ‘திருமதி கராரின் துப்பாக்கிகள்’. மீனவக் கிராமம், ஒரே வீடு. கணவனை ஏற்கெனவே சண்டைக்குக் கொடுத்துவிட்ட கரார், மகன்களையாவது காப்பாற்ற வேண்டும் என்று துப்பாக்கிகளை வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறாள். மூத்தவன் இரவில் கடலுக்குப் போயிருக்கிறான். அவன் படகு விளக்கு தெரிகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு கட்டத்தில் விளக்கு தெரியவில்லை. அவ்வளவுதான். பீரங்கி முழக்கத்தைவிட அந்த அணைந்த விளக்கு பயங்கரம். (கடைசியில் அவளே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போர்முனைக்குப் புறப்படுவது எனக்கு ஒட்டவில்லை. அந்த இடத்தில் அவள் வாய் வழியாக பிரெக்ட் பேசுகிறார் என்று நினைப்பேன். அது என் கருத்து.)

நானும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நாடகத்தில் அம்மா வேஷம் கட்டினேன். ஷெல் சத்தம் கேட்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் பாய வேண்டும். அன்றைக்கென்று பார்த்து கேசட் நாடா சிக்கிக்கொண்டது, சத்தம் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். பார்த்தால் சபையும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு இருமல் இல்லை. அடுத்த மேடையேற்றத்திலிருந்து அந்தச் சத்தத்தையே எடுத்துவிட்டோம். கேசட் பொறுப்பில் இருந்த தம்பிக்கு மட்டும் வருத்தம்.

ஈழத்தில் போர்க்காலத்திலேயே நாடகம் போட்டார்களா? படிக்கவோ தேடவோ எதைச் சொல்வீர்கள்?

போட்டார்களாவா! மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெயும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட யாழ்ப்பாணம் அது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் நாடகம் நின்றுபோகவில்லை.

முதலில் தேட வேண்டிய பெயர் குழந்தை ம. சண்முகலிங்கம். 1931இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்தவர் (உங்கள் ஊர்த் திருநெல்வேலி அல்ல, அங்கேயும் ஒன்று இருக்கிறது), 2025 ஜனவரியில் 93ஆவது வயதில் காலமானார். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி, ஒரு தலைமுறைக்கே நடிப்பும் நெறியாள்கையும் கற்றுக்கொடுத்தவர். அவர் எழுதி, சிதம்பரநாதன் நெறியாள்கையில் 1985இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ பெரிய அலையைக் கிளப்பியது.

தலைப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பிட்டுக்கு மண் சுமந்த கதைதான். ‘மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு புண்சுமந்த பொன்மேனி’ என்று மாணிக்கவாசகர் பாடியது. அந்தக் கதையில் பாண்டியன் பிரம்பால் அடிப்பது ஒருவன் முதுகில்தான், ஆனால் அடி ஊரில் உள்ள அத்தனை பேர் முதுகிலும் விழுகிறது, அடித்த ராஜாவின் முதுகிலும் சேர்த்து. உள்நாட்டுப் போரைப் பற்றி இதைவிடப் பொருத்தமாக ஒரு தலைப்பு வைக்க முடியுமா என்று தெரியவில்லை. சைவ வீட்டுப் பாட்டிக்கும் சொல்லாமலே விளங்கும், மேடையில் யாரும் விளக்கவுரை கொடுக்க வேண்டியதில்லை.

அவருக்குத் தலைப்பு வைக்கும் கை இருந்தது. ‘எந்தையும் தாயும்’ என்றால் நமக்குப் பாரதியின் ‘மகிழ்ந்து குலாவி இருந்ததும் இந்நாடே’ தானாக வாயில் வரும். நாடகத்தில் இருப்பவர்களோ, பிள்ளைகளெல்லாம் வெளிநாடு போய்விட, குலாவ ஆளில்லாமல் வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் கிழவனும் கிழவியும். போருக்குப் பலிகொடுத்த குடும்பம் என்றால் செத்தவர்களையே நினைக்கிறோம். பிள்ளை உயிரோடு, பத்திரமாக, கனடாவில் இருப்பதும் ஒரு இழப்புத்தான் என்று அந்த நாடகம் பேசியது. ‘அன்னை இட்ட தீ’ இன்னொன்று, பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது பாடிய பாட்டிலிருந்து எடுத்த தலைப்பு: முன்னை இட்ட தீ முப்புறத்திலே, பின்னை இட்ட தீ தென்னிலங்கையில், அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே. போர் மனிதர்களின் மனதுக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் அதன் பேச்சு.

என் அம்மா 1995 இடப்பெயர்வில் வந்தவர். அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டார். இங்கே ஒரு போர் நாடகம் நடக்கிறது, கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகலாமா என்று என்னிடம் கேட்கிறீர்களே தங்கச்சி, அம்மாவிடம் கேட்டீர்களா? ‘சும்மா ஒரு நாடகம், வாங்கோ’ என்று சொல்லிக் கூட்டிப்போய் உட்கார வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். என்ன கதை என்று சொல்லுங்கள். யாராவது போய்ப் பார்த்தவர்களிடம் வெடிச்சத்தம், திடீர் இருட்டு இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். வருகிறேன் என்றால் வாசலுக்குப் பக்கத்து இருக்கையாக எடுங்கள். பாதியில் எழுந்தால் கூடவே எழுந்து வாருங்கள், ஏன் எதற்கு என்று கேட்காமல். தூக்கம் கெட்டு, பழைய நினைவில் திடுக்கிடுகிறவர் என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள், நாடகம் அடுத்த வருடமும் வரும்.

1995 அக்டோபர் 30 என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமம் பகுதி முழுதும் ஒரே இரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது, லட்சக்கணக்கான சனம், மழை வேறு. அந்த இரவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாடகம் நடந்திருக்கிறது, யாரும் எழுதாத நாடகம். காணி உறுதியை எடுப்பதா, ஆல்பத்தை எடுப்பதா? மாட்டை அவிழ்த்து விடுவதா? ‘நான் வரேல்லை, நீங்கள் போங்கோ’ என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்ட அம்மம்மாவை என்ன செய்வது? கூடவே ஓடி வந்த நாயை எந்த இடத்தில் திரும்பிப் பார்க்காமல் விட்டோம்? உங்கள் அம்மா பேசாமல் இருப்பது ஷெல்லைப் பற்றி இல்லாமலும் இருக்கலாம், அந்த நாயைப் பற்றியும் இருக்கலாம்.

நாடகம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ‘எப்படி இருந்தது அம்மா’ என்று கேட்காதீர்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். பேச்சு வந்தால் வரும்.

ஆஸ்திரேலியாவில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய மூன்றரை மணி நேர நாடகம் பெரிய வெற்றி என்கிறார்களே, என்ன அது? அவ்வளவு நேரம் யார் உட்காருவார்கள்?

‘கவுண்ட்டிங் அண்ட் கிராக்கிங்’. எழுதியவர் எஸ். சக்திதரன், ஈமன் ஃபிளாக்கோடு சேர்ந்து உருவாக்கியது. 2019 ஜனவரியில் சிட்னி டவுன் ஹாலில் முதலில் நடந்தது, 2022இல் எடின்பரோவுக்கும் பர்மிங்ஹாமுக்கும், 2024இல் நியூயார்க்குக்கும் போனது. ராதா என்ற பெண் தன் தாயின் அஸ்தியை சிட்னியில் ஒரு ஆற்றில் கரைக்கிறாள், கூட 21 வயது மகன் சித்தார்த்தன். சரி, இலங்கையோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி. 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் இறந்துவிட்டதாக நம்பியிருந்த கணவர் உயிரோடு இருக்கிறார். அங்கிருந்து கதை 1956க்கும் 2004க்கும் இடையே போய்ப் போய் வருகிறது.

தலைப்பு என்னவென்றால், ஜனநாயகம் ஒரு எல்லை வரைக்கும் தலைகளை எண்ணுவது, எல்லையைத் தாண்டினால் தலைகளை உடைப்பது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததே, அதுதான் எண்ணிக்கை. பெரும்பான்மை கை தூக்கியது, முடிந்தது. 1983 ஜூலை உடைப்பு. இரண்டுக்கும் நடுவில் 27 வருடம் ஒரு குடும்பம் சாப்பிட்டு, கல்யாணம் பேசி, சண்டை போட்டு வாழ்ந்திருக்கிறது, நாடகம் அதைத்தான் விரித்துக் காட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது மொழி விஷயம். தமிழும் சிங்களமும் மேடையில் அப்படியே பேசப்படும், பக்கத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் உடனே ஆங்கிலத்தில் சொல்வார். திரையில் எழுத்து ஓடவிடுவது சுலபமாக இருந்திருக்கும். மொழிக்காகத் தொடங்கிய சண்டையைப் பற்றிய நாடகத்தில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பது, அதற்குமேல் வசனம் எதற்கு?

குறை சொல்ல வேண்டுமானால், அது கொழும்பில் பெரிய வீடும் அரசியல் செல்வாக்கும் இருந்த குடும்பம். முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை இழுத்தவரின் போர் அது இல்லை. ஒரே நாடகத்திடம் எல்லாரின் கதையையும் கேட்பதும் நியாயமில்லைதான்.

மூன்றரை மணி நேரமா என்று கேட்டீர்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்த பரம்பரை ஐயா நாம்!

நான் ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் இயக்கத்தில், தம்பி இராணுவத்தில். கடைசிக் காட்சியில் இருவரும் நேருக்கு நேர் துப்பாக்கி நீட்டுகிறார்கள். எப்படி?

எனக்குக் கடைசிக் காட்சி இப்போதே தெரிந்துவிட்டது, அதுதான் சிக்கல். இரண்டு சகோதரர்கள் ஒருவரையொருவர் கொன்று விழுவது கிரேக்கர்களே முடித்துவிட்ட கதை. சோஃபோக்ளிஸ் ‘ஆன்டிகனி’யை எழுதும்போது, இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கும் முன்னால், அந்தச் சண்டை முடிந்த மறுநாள் காலையில்தான் தொடங்குகிறார். ஒருவன் உடலுக்கு அரச மரியாதை, மற்றவன் உடலைப் புதைத்தால் மரண தண்டனை, இரண்டு பேரும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள், தங்கை என்ன செய்வாள்? நாடகம் அங்கே இருக்கிறது. நீங்களும் உங்கள் கடைசிக் காட்சியை முதல் காட்சிக்கு முன்னால் தூக்கிப்போட்டுவிட்டு எழுதிப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. வடக்குக் கிழக்குத் தமிழ் வீட்டில் ஒரு பிள்ளை இயக்கம், ஒரு பிள்ளை ஆமி என்பது நீங்கள் சினிமாவுக்காகச் செய்த ஏற்பாடு மாதிரி தெரிகிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வெவ்வேறு இயக்கத்துக்குப் போனது நிஜமாகவே நடந்தது. 1986இல் புலிகள் டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தை அழித்தபோது அப்படிப்பட்ட வீடுகளில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள்? யார் முதலில் கையைக் கழுவிவிட்டு எழுந்திருப்பார்கள்? அதை எழுதுங்கள், கைகூடினால் எனக்கு முதலில் அனுப்புங்கள்.

அம்மாவுக்கு நீங்கள் எழுதி அனுப்பியிருக்கும் ஒன்றரைப் பக்க ஒப்பாரியை நாலு வரியாக்குங்கள். வீட்டுக்குள் எல்லாரும் ஒரே கருத்தாக இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். போவதா இருப்பதா, பிள்ளையை விடுவதா மறிப்பதா, காசை யாருக்குக் கொடுப்பது, இதிலெல்லாம் வாக்குவாதம் இல்லாத ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. உங்கள் குடும்பம் ஒரே குரலில் பேசுகிறது, அது கோரஸ் பாட்டுக்குச் சரி.

நாடகம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

குட்டிக் கேள்வி, பெரிய வம்பு. ஷான் ஓகேசி 1924இல் டப்ளின் ஆபி தியேட்டரில் போட்ட ‘ஜூனோ அண்ட் த பேகாக்’ நாடகத்தைப் பாருங்கள். அயர்லாந்து உள்நாட்டுப் போர், 1922, ஒண்டுக்குடித்தன வீடு. பக்கத்து வீட்டுக்காரியின் மகன் கொல்லப்படும்போது ஜூனோ அவ்வளவாக வருந்தவில்லை, தீவிரப் போராளிகளுக்கு வீட்டைத் திறந்துவிட்டவள்தானே, பட்டும் என்கிறாள். அவனைக் காட்டிக்கொடுத்ததே தன் மகன்தான் என்பது அவளுக்குத் தெரியாது. கடைசியில் அதற்காகவே இவள் மகனையும் கொண்டுபோய்ச் சுடுகிறார்கள். அப்போதுதான் அன்றைக்கு அவளுடைய துக்கம் தனக்கு ஏன் உறைக்கவில்லை என்று தன்னையே கேட்கிறாள். நாடகாசிரியர் பக்கம் எடுத்துக்கொள்ளலாம், தவறே இல்லை. ஆனால் மேடையில் ஒரு ஜூனோ இருக்க வேண்டும். நம் கதைக்கும் அது பொருந்தும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்கள் பெட்டி கட்டவும் நேரமில்லாமல் போனபோது அவர்களின் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்? அந்தப் பக்கத்து வீட்டைப் பற்றி ஒரு நாடகம் பார்க்க எனக்கு ஆசை.

ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவின் ‘டர்பின்களின் நாட்கள்’ (மாஸ்கோ, 1926) புரட்சிக்கு எதிர்ப்பக்கத்து அதிகாரிகளின் குடும்பத்தைக் கிறீம் நிறத் திரைச்சீலை போட்ட வீட்டில் மனிதர்களாகக் காட்டியது. 1929இல் தடை, 1932இல் மறுபடி மேடை. தடை போட்ட ஆட்சியின் தலைவரான ஸ்டாலின் அதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தவர். ஏன் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

போர் மேடைக்கு வராது என்று எழுதிவிட்டீர்கள். எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பதினெட்டாம் போரில் போர் மேடைக்கு மட்டுமா வருகிறது, ஊருக்குள்ளேயே வரும்!

தோற்றேன். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து எழுத்துதான் என்று பார்த்ததும் நினைத்தேன். திரௌபதி அம்மன் திருவிழாவில் களிமண்ணால் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய துரியோதனனைப் படுக்க வைத்து, பட்டப்பகலில் பீமன் வேஷக்காரர் அவன் தொடையைப் பிளந்து, பாஞ்சாலி கூந்தல் முடிகிற படுகளத்தை மறந்துவிட்டு நான் அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. பாரதமே பங்காளிச் சண்டை, உள்நாட்டுப் போர், ஒரு குடும்பத்துக் கதைதானே. இது நாலு சுவருக்குள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நாடகம் இல்லை, அங்கே மண்ணே மேடை, அதனால் மர வாள் என்று யாரும் சிரிப்பதில்லை. ஆனாலும் விட மனமில்லாமல் ஒன்று சொல்கிறேன்: சில ஊர்களில் துரியோதனன் விழுந்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்களே, காந்தாரி வந்து அழுவாளே, அப்போது சனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அத்தனை நாள் பாண்டவர் பக்கம் நின்ற சனம்.

கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாயைப் பற்றிய நாடகம். விளக்கு அணைந்தது. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அரங்கமே திகைத்து உட்கார்ந்திருந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரின் கதை என்றால் திகைப்பு இயல்புதான், அவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். விளக்கு மறுபடி வந்து நடித்தவர்கள் வரிசையாக நின்றதும் நன்றாகத் தட்டுங்கள். அந்தப் பிள்ளைகள் மத்தியானத்திலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.